மாதாவுக்கு விட்ட கல்வாழை

மே மாதம் முதல் தேதி சாயங்காலம் மாதா கெபிக்குப் பின்னால் பதினொரு கல்வாழைத் தண்டில் சிவப்புப் பூ நின்றது. நான் எண்ணினேன். என் மனைவியும் எண்ணியிருக்கிறாள் என்பது, செபமாலை முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முழங்காலில் இருந்தபடியே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

“இந்த மாசம் முப்பத்தோரு நாளும் மாதாவுக்குப் பின்னால இந்தச் செவப்பு நின்னா, எம் புள்ள உயிரோட கீறான். ஒரு நாளு இல்லாமப் போனா எனக்குத் தெரிஞ்சிடும். அப்பால யாரும் வந்து எனக்கு ஒண்ணும் சொல்ல வாணாம்.”

“இன்னா பேச்சு இது? மாதாகிட்டயே பந்தயம் கட்டுவியா?”

“பந்தயம் இல்லீங்க. கேக்கறேன். வேற யாரைக் கேக்கறது? நீங்களே சொல்லுங்க.”

எங்களுக்கு ஒரே மகன். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவனாகச் சேர்ந்து, கப்பலேறி மலாய்க்குப் போனான். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் வந்ததுதான் கடைசிக் கடுதாசி. அதில் நல்ல மழை, நல்ல சாப்பாடு, அம்மா அழக்கூடாது என்று மூன்று விஷயம் எழுதியிருந்தான். இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு சேதி இல்லை. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. தபால்காரர் எங்கள் சந்துக்குள் நுழைந்தாலே அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில் பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. அடுத்தது சென்னைதான் என்ற பேச்சு. வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போவது நல்லது என்று சர்க்காரே சொல்லிவிட்டது. சாந்தோமில் எங்கள் வரிசையில் ஆறு வீடு. மூன்றில் பூட்டுத் தொங்கியது. செங்கல்பட்டிலிருந்து மச்சான் மாட்டு வண்டியே அனுப்பினான். இவள் ஏறவில்லை. “நான் போய்ட்டா அந்தச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?” என்று வண்டிக்காரனிடமே கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

அந்தச் செடி வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆறு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தின் கடைசியில், மதிலை ஒட்டி ஒரு சின்ன கெபி. பாறைக் கல்லை அடுக்கி நடுவில் மாதா சுரூபம் வைத்தது. பின்னால் வெறும் மதில், அதில் உப்புக்காற்று அரித்த காரை. மே மாதம் மாதாவின் வணக்க மாதம். முப்பத்தோரு நாளும் அங்கேதான் செபமாலை. ஆனால் எங்கள் ஊரில் மே மாதத்தில் எந்தப் பூ நிற்கும்? வருஷா வருஷம் முதல் வாரம் மல்லிகை, பிறகு வெறும் வேப்பிலைத் தோரணம்.

பக்கத்துச் சந்தில் ஒரு பாய் இருந்தார். அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரர். என் வயதுதான். முந்தின மழைக்காலம் ஓய்ந்தபோது, பங்களாவில் பழைய கல்வாழைப் புதரைப் பெயர்த்துப் பிரித்து நட்டார்கள். மிஞ்சிய கிழங்கை ஒரு சாக்கு நிறைய எனக்குக் கொண்டுவந்து கொட்டினார். பார்க்க இஞ்சி மாதிரியே இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முளை இருக்கும்படி அவரே நறுக்கிக் கொடுத்தார்.

தோட்டம் போடுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. மதிலோரம் ஆள் உயரம் வளர்வது, அதற்கு முன்னால் இடுப்பளவு, காலடியில் முழங்கால் அளவு. எல்லாம் வருஷம் தாங்குகிற செடியாக, பல சாதியாக இருக்க வேண்டும்.

“ஒரே செடிய நம்பி கோடைய தாண்ட முடியாது நைனா. ஒண்ணு மூஞ்சத் திருப்பிக்கினா இன்னொண்ணு சிரிக்கணும். பின்னால கல்வாழை, நடுவுல செவ்வரளி, கீழ நித்தியகல்யாணி வச்சுக்க. அப்ப பாரு.”

என் மனைவி குறுக்கே வந்தாள். “நித்தியகல்யாணியா? அது கல்லறைல மொளைக்கிற பூவாச்சே பாய். புள்ளைய சண்டைக்கு அனுப்பிட்டு வாசல்ல அத்த நடுவேனா? அரளியும் வாணாம். அது விஷம்.”

“அரே, மாதாவா அரளிய அரைச்சுக் குடிக்கப்போறாங்க?” என்று பாய் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆகக் கல்வாழை மட்டும் நட்டோம். மதில் நெடுக ஒரே வரிசை, ஒரே சாதி, ஒரே சிவப்பு.

குழாயடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தோம். குதிரை லாயத்துச் சாணத்தை மணலோடு கலந்து போட்டோம். பங்குனியில் என் தலைக்கு மேல் வளர்ந்து, பூ வந்தது. கோவிலிலிருந்து சாமியாரே வந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. என் கையால் ஆன காரியத்தை ஊரார் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

கல்வாழைப் பூ உதிர்ந்தால் காய் கட்டும். மேலெல்லாம் முள் முள்ளாக, நெல்லிக்காய் அளவில் இருக்கும். உள்ளே உருண்டையான விதை. முற்றினால் கறுத்து இரும்புக் குண்டு மாதிரி ஆகிவிடும். முற்றுவதற்குச் சற்று முன்னால் எடுத்து, ஊசியைக் காய்ச்சிக் குத்தினால் துளை விழும். என் மனைவி அதைக் கண்டுபிடித்தாள். மாதாவின் செடியிலிருந்தே மணி எடுத்து மகனுக்குச் செபமாலை கோப்பது, மே மாதக் கடைசி நாளன்று அதைச் சாமியாரிடம் மந்திரிக்கக் கொடுப்பது, அவன் வந்ததும் கழுத்தில் போடுவது என்று முடிவு செய்தாள். அது நல்ல ரகக் கல்வாழை. நல்ல ரகத்தில் விதை சரியாகப் பிடிக்காது. பாதிக் காய் சப்பையாகப் போகும். எது தேறும் என்று முன்னாலேயே தெரியாததால் ஒரு காயைக்கூடத் தொடாமல் விட்டோம்.

சித்திரை நடுவில் பாய் வளைந்த கத்தியோடு வந்தார். “பூ முடிஞ்ச தலைய எல்லாம் வெட்டணும்” என்று ஒரு தண்டைப் பிடித்தார். நான் ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

“மாதாவுக்கு விட்ட செடி பாய். இதுல கத்தி படக்கூடாது.”

“நான் உன் மாதாவையா வெட்டறேன்? செடிய வெட்டறேன்யா.”

“உனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?”

தோட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது என்ன? நான் எதை நினைத்துச் சொன்னேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்தது. கத்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “சரி நைனா” என்றார். அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை.

மே மாதம் பள்ளிக்கூடம் விடுமுறை. தினமும் விடியற்காலையில் பூசைக்குப் போகுமுன் நான் மதிலோரம் போய் நிற்பேன். முதல் வாரம் பதினொன்று ஒன்பதாயிற்று. அது சகஜம் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் ஆறு. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் நாலு குடம் சுமந்தேன். இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. தண்டெல்லாம் தடித்துத்தான் நின்றது. நுனியில் மட்டும் பூ இருந்த இடமெல்லாம் காயாக இருந்தது.

செபமாலை சொல்லும்போது என் மனைவியின் கண் சுரூபத்தில் இராது. மாதாவின் தலைக்கு மேலே, சிவப்பில் இருக்கும். பிரியதத்த மந்திரத்தை உதடு சொல்லிக்கொண்டே போகும். பகலில் வாசற்படியில் உட்கார்ந்து, பழுப்பேறிய விதையை ஒவ்வொன்றாகக் குத்திக் கோப்பாள். சாப்பாடு குறைந்தது. ஒருநாள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, எழுந்து மதிலோரம் போனாள். திரும்பி வந்தபோது கை காய்ந்திருந்தது. சோறு அப்படியே இருந்தது.

நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர், “சர்வேசுரனைச் சோதிக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்” என்றார்.

“சொன்னேன் சாமி. கேக்கல.”

“அப்படியானால் அவளை விட்டு அகலாதே” என்றார்.

பத்தொன்பதாம் தேதி காலையில் மூன்று பூத்தண்டுதான் இருந்தது. மூன்றாவது வீட்டில் மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி, விதவை, வாய் சற்று நீளம். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: “இன்னா அண்ணாத்தே, மாதா தோட்டம் மொட்டை அடிச்சிக்கப் போவுதா?” அவளுக்கு எங்கள் வீட்டுச் சங்கதி தெரியாது. நான் உள்ளே பார்த்தேன். என் மனைவி கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கே அடையாற்றுக்கு நடந்தேன். பாலத்தைத் தாண்டும்போது காற்றில் அனல் அடித்தது. பங்களாவில் ஆள் இல்லை. துரை குடும்பத்தோடு மலைக்குப் போய்விட்டார். ஜன்னல் கண்ணாடியிலெல்லாம் காகிதம் குறுக்கே ஒட்டியிருந்தது. புல்தரையின் நடுவே குண்டுக்குப் பதுங்குவதற்கான குழி வெட்டிக் கிடந்தது. பார்க்க ஒருத்தரும் இல்லாத அந்த இடத்தில், மதில் நெடுகச் சிவப்பும் மஞ்சளுமாகக் கல்வாழை ஆள் உயரத்துக்குக் கொழுந்துவிட்டு நின்றது. என் வீட்டுக் கிழங்குக்குக் கூடப் பிறந்த கிழங்குதான் அது. எனக்கு வயிறு எரிந்தது.

பாய் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: “இன்னா, மாதா அனுப்பிச்சாங்களா?”

“பாய், நான் அன்னிக்குப் பேசினது தப்பு.”

“அத்த விடு. எத்தினி பூ நிக்குது?”

“மூணு.”

“காய்?”

“எல்லாத் தண்டிலியும். செபமாலைக்கு மணி எடுக்க விட்டு வச்சோம்.”

நாக்கைத் தட்டினார். எழுந்து ஒரு தண்டைப் பிடித்து வளைத்துக் காட்டினார். பூ முடிந்த தலையை வெட்டிய இடத்துக்குக் கீழே, இலைக் கக்கத்தில், அரிசி அளவுக்கு ஒரு மொட்டு முட்டிக்கொண்டு வந்திருந்தது.

“இத பாத்துக்க. தலைய வெட்டினா செடி பதறும். ‘நம்ம வமுசம் போச்சு’ன்னு இதத் தள்ளும். காய விட்டுட்டா வேல முடிஞ்சுதுன்னு உக்காந்துக்கும். அது பூ பூக்கறதே வெதைக்குத்தான் நைனா, உனக்கும் எனக்கும் இல்ல. நீ செபமாலைக்குக் காய வளத்துக்கினு பூவ காணோம்னு அழற.”

நான் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு பக்தியாகக் காத்தோமோ அவ்வளவுக்கு எங்கள் கையாலேயே பூவை நிறுத்தியிருக்கிறோம். மகனிடமிருந்து சேதியே இல்லாததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவள் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். பாய் பிடித்திருந்த தண்டை விட்டுவிட்டார்.

“இத்த ஏன் முன்னாலியே சொல்லல?” என்றார் மெதுவாக. “இன்னிக்கு வெட்டினாக்கூட எட்டொம்பது நாளு ஆவும். அந்த மூணு பூ அது வரைக்கும் தாங்குமா?”

நான் விரலை மடித்துப் பார்த்தேன். தாங்காது.

“நான் வந்து வெட்டட்டா?”

“வாணாம் பாய். நானே வெட்டறேன். யார் கையால வெட்டினாங்கன்னு அவ கேப்பா.”

கத்தியை என் கையில் கொடுத்தார். “கணுவுக்கு மேல வெட்டு. மொட்டுல படாத” என்று வாசல் வரை வந்து மறுபடியும் சொன்னார்.

மறுநாள் அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வெட்டினேன். காய்களைக் கூடையில் போட்டேன். பாதிக்கு மேல் முற்றாத பச்சை. கடைசித் தண்டில் இருந்தேன், அவள் வந்துவிட்டாள். கூடையைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள்.

“எம் புள்ள கழுத்த அறுத்துட்டியேய்யா!”

கலியாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். மீன்கார அம்மாள் ஓடி வந்தாள். நான் கணுவைக் காட்டினேன், மொட்டைக் காட்டினேன், பாய் சொன்னதைச் சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கூடையை மடியில் கவிழ்த்துக்கொண்டு, ஒவ்வொரு காயாகப் பிய்த்து விதை தேடினாள். பால் பிடித்த வெள்ளை விதை, விரலுக்குள் நசுங்கிப் போயிற்று. செபமாலைக்கு ஐந்து பத்து மணி வேண்டும்; அவள் கோத்ததில் நான்கு பத்து முடிந்திருந்தது. ஐந்தாவது பத்துக்கு மணி இல்லை.

அதற்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். தண்ணீர் சுமப்பதை மட்டும் நிறுத்தவில்லை. மூன்று பூத்தண்டு இரண்டாயிற்று. இருபத்துநாலாம் தேதி ஒன்று. அதிலும் ஒரே ஒரு பூ, ஓரம் கருகியது. அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே செபமாலையைத் தொடங்கச் சொன்னாள். விளக்கெரிய விடாத காலம் அது. இருட்டினால் பூ தெரியாமல் போய்விடும் என்று பயந்தாள் போலும்.

இருபத்தைந்தாம் தேதி விடிந்து பார்த்தேன். மதில் நெடுகப் பச்சை. சிவப்பு என்று ஒரு பொட்டு இல்லை. கருகிய பூ மண்ணில் கிடந்தது. கணுக்களில் மொட்டு விரல் நீளத்துக்கு வந்திருந்தது. நுனியில் சிவப்புக் கோடுகூடத் தெரிந்தது. இன்னும் இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று. அந்த மூன்று நாளை எங்கே போய் வாங்குவது?

நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கிய சிவப்புச் சுருக்குக் காகிதம் பரணில் இருந்தது. அதைக் கிழித்து, மடித்து, நூலால் கட்டி ஒரு பூ பண்ணினேன். வரிசையின் நடுத்தண்டில், உச்சியில், அவள் எழுந்து வருமுன் கட்டினேன். ஆண்டவருக்குமுன் பொய் சொல்கிறோமே என்ற நினைப்பு இல்லாமல் இல்லை. அவள் இன்னும் மூன்று நாள் சாப்பிட்டால் போதும் என்பது அந்த நினைப்பை அமுக்கிவிட்டது.

குடத்தோடு வந்தாள். முதல் செடி, இரண்டாவது செடி என்று ஊற்றிக்கொண்டே வந்தாள். நடுச்செடிக்கு வந்ததும் குடத்தைக் கீழே வைத்தாள். தண்டை வளைத்துப் பூவைத் தொட்டாள். கை ஈரம் பட்டதும் காகிதச் சாயம் அவள் விரலில் இறங்கியது. விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று நின்றேன்.

“இது எத்தினி நாளா நடக்குது?” என்று கேட்டாள்.

“இன்னிக்குத்தான். சத்தியமா இன்னிக்குத்தான்.”

“அப்ப இன்னிக்குப் பூ இல்ல.”

“இல்ல.”

மண்ணிலேயே உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. காகிதத்தைப் பிரித்துத் தொடைமேல் வைத்து நீவினாள்.

“நேத்தே ஓரம் கருகிடுச்சே. காலையில எழுந்து வாசலுக்கு வரப்பவே பூ இருக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சிது. உள்ள நெனச்சுப் பாத்தேன். புள்ள இல்ல, இனிமே இல்லன்னு. நெனப்பு ஏறவே மாட்டேன்னுது. அவன் இல்லன்னு என்னால நெனைக்க முடியல. பூ இல்லன்னாலும் முடியல.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மாதா ஒண்ணும் எங்கிட்ட சொல்லலீங்க. கேட்டதும் நானு, பதிலு இதுதான்னு வச்சதும் நானு” என்றாள். பழையபடி மரியாதை திரும்பியிருந்தது. பிறகு காகிதத்தை என் பக்கம் நீட்டி, “இவ்ளோ கேவலமா ஒரு பூவ நான் பாத்ததே இல்ல” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று சாயங்காலம் பூ இல்லாமலே செபமாலை நடந்தது. அடுத்த இரண்டு நாளும் அப்படியே. மீன்கார அம்மாள் மதிலைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் மனைவி, “மந்திரத்தைச் சொல்லு அக்கா” என்று அடக்கினாள். அந்த மாதத்திலேயே முதல் தடவையாக அவள் கண் சுரூபத்தின் முகத்தில் இருந்ததைப் பார்த்தேன்.

இருபத்தெட்டாம் தேதி நாலு தண்டு ஒரே நாளில் விரிந்தது. கடைசி நாள் பாயும் வந்து வெளிக்கதவருகே நின்று பார்த்தார். பதினாலு என்று எனக்கு விரலால் காட்டினார். என் மனைவி எண்ணவில்லை.

அவன் உயிரோடு கைதியாக இருக்கிறான் என்று ஒரு கார்டு வந்தது மறு வருஷம். அச்சடித்த நாலு வரி, கீழே அவன் கையெழுத்து. அது வந்த நாள் ஐப்பசி அடைமழை. கல்வாழையெல்லாம் சேற்றில் படுத்திருந்தது. ஒரு பூ இல்லை. அவள் கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி கெபிக்கு ஓடினாள்.

சண்டை முடிந்து, எலும்பும் தோலுமாக மகன் வந்து சேர்ந்தபோது அந்த மாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டாள். கறுத்துப் பளபளவென்றிருந்த மணியை உருட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, பல்லு வுழுந்தாப்புல கீது? அஞ்சாவது பத்து எங்க?” என்றான்.

“உங்கப்பா வெட்டிட்டாரு” என்றாள்.

பிறகு எத்தனையோ கோடையில் காய் கட்ட விட்டு அந்தப் பத்தைக் கோத்திருக்கலாம். அவள் கேட்கவில்லை. பூ முடிந்த தலையை நானும் விடுவதில்லை. அவன் இன்றைக்கும் நான்கு பத்தை மணியில் உருட்டிவிட்டு, ஐந்தாவதை விரலில் எண்ணித்தான் முடிக்கிறான்.